தரம் என்று யார் சொல்வது? தஞ்சோங் மாலிமில் தொடங்கும் ஒரு வரலாறு

சென்ற தவணையில் நான்காம் படிவ மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள்: "டீச்சர், இன்டர்நேஷனல் ஸ்கூல் விளம்பரத்துல 'அனைத்துலக அங்கீகாரம் பெற்றது'ன்னு போடறாங்களே, அந்த அங்கீகாரத்தை யாரு கொடுக்கறது? நம்ம தமிழ்ப்பள்ளிக்கு அப்படி யாராவது கொடுத்திருக்காங்களா?"

நல்ல கேள்வி. அன்றைக்குப் பாடத்தை முடிக்கவேண்டிய அவசரத்தில் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அது இரண்டு வரியில் அடங்கும் கேள்வி இல்லை. நம் நாட்டுத் தமிழ்க்கல்வி வரலாற்றை ஒழுங்காகச் சொன்னால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். இந்தக் கட்டுரை அந்தப் பதிலை எழுதிப் பார்க்கும் முயற்சி. ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தலாம். தேர்வு எழுதும் மாணவர்கள் கட்டுரைக்கு வேண்டிய ஆண்டுகளையும் காரணங்களையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்குவோம்

'அங்கீகாரம்' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. பள்ளி நடத்த அரசாங்கம் தரும் பதிவு ஒன்று. ஒரு பாடத்திட்டத்தை நடத்தவோ ஒரு தேர்வுக்கு மாணவர்களை அனுப்பவோ தேர்வு அமைப்பு தரும் அனுமதி இன்னொன்று. பள்ளி முழுவதையும் வெளியார் குழு வந்து பார்த்து, 'இது சொன்னபடி நடக்கிறது' என்று தரும் தரச்சான்று மூன்றாவது. ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக அர்த்தமில்லை. விளம்பரம் இந்த மூன்றையும் ஒரே சொல்லில் கலந்துவிடும். நாம் கலக்கக்கூடாது.

தரச்சான்று தருபவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? சுருக்கமாகச் சொன்னால் நான்கு தூண்கள்: எழுதி வைத்த பாடத்திட்டம், பயிற்சி பெற்ற ஆசிரியர், நம்பத்தக்க தேர்வு, வெளியிலிருந்து வரும் ஆய்வு. இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் மற்ற மூன்றும் நிற்காது. தமிழ்ப்பள்ளிகளுக்கு இந்த நான்கும் ஒரே நாளில் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாக, தாமதமாக, சில வேளைகளில் போராடியே கிடைத்தன.

1922: ஆற்றங்கரையில் ஒரு கல்லூரி

தஞ்சோங் மாலிம் பேராக்கின் தெற்கு எல்லையில் இருக்கிறது. பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். 1922 நவம்பர் 29-ஆம் தேதி இங்கே சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு முன் மலாய் ஆசிரியர்களுக்கு மலாக்காவில் 1900-லும் மாத்தாங்கில் 1913-லும் தொடங்கிய கல்லூரிகள் இருந்தன. அவற்றின் பணியை ஒன்றாக்கி ஒரே பெரிய கல்லூரியாக நடத்தலாம் என்ற யோசனை ஆர். ஓ. வின்ஸ்டெட்டுடையது. முதல் முதல்வர் ஓ. டி. டசெக்.

பாடத்திட்டத்தில் என்ன இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மொழி, கணக்கு, வரலாறு, புவியியல் இவற்றோடு தோட்டவேலைக்கும் கூடை முடைவதற்கும் நிறைய நேரம் ஒதுக்கினார்கள். கிராமத்துப் பிள்ளை கிராமத்திலேயே நல்ல விவசாயியாக இருக்கட்டும் என்பதுதான் அன்றைய காலனித்துவ அதிகாரிகளின் எண்ணம். ஆனால் கல்லூரி அந்த எண்ணத்தோடு நின்றுவிடவில்லை. 1924-இல் மொழிபெயர்ப்புப் பிரிவு ஒன்று இங்கே இயங்கத் தொடங்கியது. மலாய்ப் பாடநூல்கள் தயாராயின. மலாய் இலக்கணத்தை வகுத்த ஸாஆபா இங்கே பணியாற்றினார். 1938-இல் 'கெசாத்துவான் மெலாயு மூடா' இயக்கத்தைத் தொடங்கிய இப்ராஹிம் யாக்கோப் இங்கே படித்தவர்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பாடத்திட்டத்தை எழுதினவர் எதை நினைத்து எழுதினாலும், ஆசிரியர்களை ஓரிடத்தில் சேர்த்து, பயிற்சி கொடுத்து, நூல் எழுத இடமும் கொடுத்தால் அந்த மொழிக் கல்வி தானே காலூன்றிவிடும்.

அதே காலத்தில் ரப்பர் தோட்டத்தில்

இதே ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு இப்படி ஒரு கல்லூரி இல்லை.

மலாயாவில் தமிழ் வகுப்பு 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கியது. ஆனால் தோட்டந்தோறும் பள்ளி வரக் காரணம் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது அது. தொழிலாளர்களைத் தொடர்ந்து அனுப்ப இந்திய அரசாங்கம் வைத்த நிபந்தனைகளும் இதன் பின்னால் இருந்தன.

சட்டம் பள்ளி இருக்க வேண்டும் என்றது. எப்படிப்பட்ட பள்ளி என்று சொல்லவில்லை. அதனால் ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் பள்ளி ஆகிவிட்டது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். காலையில் பெரட்டு, அப்புறம் பள்ளி. பாடநூல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரும். அதில் காவிரி இருக்கும், பெர்ணம் ஆறு இருக்காது. தோட்டம் மாறினால் பிள்ளையின் படிப்பும் மாறிவிடும், ஏனென்றால் இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான பாடத்திட்டம் கிடையாது.

1936-இன் இறுதியில் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்தார். அவருடைய அறிக்கை 1937-இல் வெளியானது. அதன் மையம் சம்பளமும் வேலை நிலையும்தான் என்றாலும் தோட்டப்பள்ளிகளின் நிலையும் அதில் பேசப்பட்டது. அந்தக் காலகட்டத்தில்தான் தமிழ்ப்பள்ளிகளுக்கான ஆய்வாளர் ஏற்பாடும், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதிநேர ஆசிரியர் பயிற்சியும் மெல்லத் தலைதூக்கின. முழுநேரப் பயிற்சிக் கல்லூரி என்பது போருக்கு முன் தமிழாசிரியருக்குக் கனவாகவே இருந்தது.

ஒரே வட்டாரத்தில் இரண்டு நிலைமை. ஒருபக்கம் கல்லூரிக் கட்டடம், விடுதி, மொழிபெயர்ப்புப் பிரிவு. இன்னொருபக்கம் கொட்டகை. இதை யார்மேலும் பொறாமைப்பட்டுச் சொல்லவில்லை. தரம் என்பது பிள்ளையின் மூளையிலோ மொழியின் பெருமையிலோ இல்லை, ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

1951 முதல் 1957 வரை: விதி எழுதப்பட்ட ஆண்டுகள்

1951-இல் பார்ன்ஸ் அறிக்கை வந்தது. மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழியாக உள்ள தேசியப் பள்ளிகளே எல்லாருக்கும் போதும் என்பது அதன் பரிந்துரை. தாய்மொழிப் பள்ளிகளின் எதிர்காலமே கேள்விக்குறியானது. சீனர் கல்வி குறித்து ஃபென்-வூ அறிக்கை அதே ஆண்டு வெளிவந்தது. இந்தியர் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. இருந்தும் 1952-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பெரும்பாலும் பார்ன்ஸ் வழியிலேயே போனது.

அதே 1952 மார்ச் மாதம் தஞ்சோங் மாலிம் வேறொரு காரணத்துக்காக உலகச் செய்தியில் அடிபட்டது. ஊருக்கு அருகில் நடந்த கம்யூனிஸ்ட் தாக்குதலில் பன்னிரண்டு பேர் இறந்தபின், ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்து நாளுக்கு 22 மணிநேர ஊரடங்கு விதித்தார், அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். கல்விச் சட்டங்கள் எழுதப்பட்ட ஆண்டுகள் அவசரகால ஆண்டுகள் என்பதை மாணவர்கள் மறக்கக்கூடாது. ஒரே நாடாக இணைப்பது எப்படி என்ற பதற்றம் அந்த அறிக்கைகளின் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது.

திருப்பம் 1956-இல் ரசாக் அறிக்கையோடு வந்தது. தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகள் நாட்டின் கல்வி அமைப்புக்குள் இடம்பெறலாம், ஆனால் எல்லாப் பள்ளிக்கும் பொதுவான உள்ளடக்கம் கொண்ட பாடத்திட்டம் வேண்டும் என்றது அது. பள்ளிகளை ஆராயும் கூட்டரசு நாஸிர் அமைப்பும் பொதுத்தேர்வு ஏற்பாடும் இதன் வழியே உருவாயின. 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது.

மொழி நம்முடையது, உள்ளடக்கம் நாட்டினுடையது. இந்த ஏற்பாட்டை எப்படி மதிப்பிடுவது? இழப்பும் உண்டு, லாபமும் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றது. இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்தது. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு, தேசியவகைப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அந்தப் பிரிவு இல்லாமல் போனது. இன்னொருபக்கம், தோட்டம் மாறினாலும் பிள்ளையின் பாடம் மாறாத நிலை முதல்முறையாக வந்தது. பெர்ணம் ஆறும் கிந்தா ஆறும் பாடநூலுக்குள் வந்தன.

மேலே ஒரு கூரை வேண்டும்

தொடக்கப்பள்ளிக்குத் தரம் வேண்டுமென்றால் மேலே பல்கலைக்கழகம் வேண்டும். ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுப்பவர் அங்கிருந்துதான் வரவேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் அமைந்தது. அதற்கு முன் அந்தத் துறையில் எந்த மொழி முதன்மையாக இருப்பது, சமஸ்கிருதமா தமிழா என்ற விவாதம் சூடாக நடந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து காசு கொடுத்தார்கள். துறையில் தமிழ் நிலைத்தது.

பால் வெட்டிய கைகள் கொடுத்த பணத்தில் ஒரு பல்கலைக்கழகப் பாடத்துக்கு இடம் கிடைத்தது. அந்த மாணவியின் கேள்விக்கு, 'ஆமாம், நமக்கும் அங்கீகாரம் வாங்கிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்' என்று சொல்ல இதுவே போதும்.

தரம் ஆவணமாகிறது

1983-இல் தொடக்கப்பள்ளிக்கான புதிய கலைத்திட்டமான கே.பி.எஸ்.ஆர். நாடு முழுதும் வந்தது. 2011-இல் அதன் இடத்தில் தர அடிப்படையிலான கலைத்திட்டம், கே.எஸ்.எஸ்.ஆர். 2017-இல் இடைநிலைப்பள்ளிக்கு கே.எஸ்.எஸ்.எம்.

பழைய பாடத்திட்டம் ஆசிரியர் எதை நடத்த வேண்டும் என்று சொன்னது. தர ஆவணம் மாணவர் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்று சொல்கிறது. உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், ஆறு தர அடைவுகள் எல்லாம் நாம் தினமும் புழங்கும் சொற்கள். தமிழ்மொழிக்கு என்று தனி ஆவணம் உண்டு, அது மற்ற பாடங்களின் ஆவணத்துக்கு இணையான மதிப்புடையது. 1923-இன் கொட்டகையை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆசிரியர் பயிற்சியும் வளர்ந்தது. தஞ்சோங் மாலிம் கல்லூரி 1957-இல் மக்தாப் ஆனது, 1987-இல் இன்ஸ்டிடியூட் ஆனது, 1997 மே 1 முதல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆனது. இன்று அங்கே தமிழ்மொழிக் கல்வியில் இளங்கலைப் பட்டம் படிக்கலாம். தமிழாசிரியருக்கு இடமே இல்லாமல் தொடங்கிய கல்லூரியிலிருந்து இன்று தமிழாசிரியர்கள் பட்டம் வாங்கி வெளியே வருகிறார்கள். உயர்கல்விப் படிப்புகளின் தரத்தை 2007 நவம்பர் முதல் மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்.கியூ.ஏ., கவனிக்கிறது. நம் பட்டத்துக்கும் வேறு எந்தப் பட்டத்துக்கும் அளவுகோல் ஒன்றுதான்.

அனைத்துலகப் பள்ளிகள் எப்படிச் செய்கின்றன?

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் கொடைக்கானல் அனைத்துலகப் பள்ளி. 1901-இல் அமெரிக்க மிஷனரிமாரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது அது. அப்போது பெயர் ஹைகிளர்க் பள்ளி. 1974-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. 1976-இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. டிப்ளோமாவை நடத்தத் தொடங்கியது. அமெரிக்காவின் மிடில் ஸ்டேட்ஸ் சங்கத்தின் தரச்சான்றும் அதற்கு உண்டு. மேலே சொன்ன வேறுபாடு இங்கே தெளிவாகத் தெரியும். ஐ.பி. அனுமதி ஒரு பாடத்திட்டத்துக்கானது. சங்கத்தின் சான்று பள்ளி முழுவதற்குமானது. இரண்டும் வெவ்வேறு வாசல்கள்.

தரச்சான்று நடைமுறை பெரும்பாலும் இப்படிப் போகும். முதலில் பள்ளியே தன்னை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதும். ஆசிரியர், மாணவர், பெற்றோர் எல்லாரும் அதில் சேர்வார்கள். பிறகு வேறு பள்ளிகளைச் சேர்ந்த கல்வியாளர் குழு சில நாள் தங்கி வகுப்பைப் பார்க்கும், ஆவணத்தைப் பார்க்கும், ஆட்களிடம் பேசும். குறைகளைப் பட்டியலிடும். சான்று கிடைத்தாலும் அது நிரந்தரம் இல்லை. சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் வருவார்கள்.

மலேசியாவில் அனைத்துலகப் பள்ளிகளில் உள்நாட்டு மாணவர் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு 2012-இல் நீக்கப்பட்டது. அதன்பின் நம் பெற்றோரும் அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். அங்கே படிக்கும் மலேசியக் குடிமக்கள் மலாய்மொழி படிக்க வேண்டும். தமிழுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பிள்ளையை அங்கே சேர்க்கும் பெற்றோர் 'தமிழ் என்னாகும்' என்ற கேள்வியைச் சேர்க்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

தரம் இருந்தும் ஏற்பு இல்லாமல் போகலாம் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் 1975 முதல் நடத்தும் யு.இ.சி. தேர்வைப் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழக நுழைவில் அது பல ஆண்டுகளாக விவாதமாகவே இருந்துவந்திருக்கிறது. தமிழ் தேசியத் தேர்வுக்குள்ளேயே இருக்கிறது, எஸ்.பி.எம். சான்றிதழில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் மற்ற பாடங்களோடு அச்சாகின்றன. இந்த இடத்தின் மதிப்பை நாம் சரியாக உணர்ந்திருக்கிறோமா?

இப்போது எது ஆபத்தில் இருக்கிறது?

2010 முதல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைக்கும் முடிவு வந்தபோது, தமிழும் இலக்கியமும் கழன்றுபோகும் என்ற அச்சம் எழுந்தது. சமூகம் குரல் கொடுத்தது. கூடுதலாக இரண்டு பாடம் எடுக்க வழி திறந்தது. வழி திறந்தது உண்மை, அதில் நடக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

யு.பி.எஸ்.ஆர். 2021-இல் போனது. பி.டி.3 2022-இல் போனது. தமிழ்மொழித் தேர்ச்சியை நாடளவில் ஒரே தாளில் அளக்கும் பெரிய தேர்வாக எஸ்.பி.எம். மட்டும் எஞ்சியது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளும் பள்ளி நடத்தும் மதிப்பீடுகளை, குறிப்பாக வகுப்புசார் மதிப்பீட்டை நம்பி நிற்கின்றன. அதாவது தரச்சான்று கொடுக்கும் பேனா இப்போது நம் கையில் இருக்கிறது. பிள்ளை மூன்றாம் தர அடைவில் இருக்கும்போது 'பாவம்' என்று ஐந்து போட்டால், ஐந்தாம் படிவத்தில் அது தெரிந்துவிடும். அப்போது திருத்த நேரம் இருக்காது.

இன்னொன்று, பதினைந்து என்ற எண். தேசியப் பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பதினான்கு பேர் என்றால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. வகுப்பு இல்லையென்றால் ஆசிரியர் பணியிடம் இல்லை. பணியிடம் இல்லையென்றால் தஞ்சோங் மாலிமில் பட்டம் வாங்கிய இளைஞருக்கு வேலை இல்லை. நான்கு தூண் என்று சொன்னேனே, ஒரு தூண் சரிந்தால் மற்றது எப்படிச் சரியும் என்பதற்கு இதுதான் கணக்கு.

அனைத்துலகப் பள்ளியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது அதன் கட்டணமோ கட்டடமோ இல்லை, தன்னைத்தானே ஆராயும் பழக்கம். அது நமக்கும் புதிதில்லை. எஸ்.கே.பி.எம். தர அளவுகோல் பள்ளிகள் தங்களையே மதிப்பிடத்தான் சொல்கிறது. ஆனால் பல இடங்களில் அது கோப்பு நிரப்பும் வேலையாகிவிடுகிறது. மொழிப்பாடக் குழுவில் வருடத்துக்கு ஒருமுறை மூன்று பேர் உட்கார்ந்து, ஒருவர் திருத்திய கட்டுரைத் தாளை மற்ற இருவர் பெயர் பாராமல் மறுபடி திருத்திப் பார்த்தால் போதும். புள்ளி எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரியும். பணம் செலவில்லாத தரச்சான்று அது.

தேர்வு மாணவர்களுக்கு

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்:

1816 – பினாங்கில் தமிழ் வகுப்பு
1922 – சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி
1923 – தொழிலாளர் சட்டம்
1951 – பார்ன்ஸ், ஃபென்-வூ அறிக்கைகள்
1956 – ரசாக் அறிக்கை. இந்திய ஆய்வியல் துறை
1961, 1996 – கல்விச் சட்டங்கள்
1983, 2011, 2017 – கலைத்திட்ட மாற்றங்கள்
1997 – கல்லூரி பல்கலைக்கழகமாதல்

எழுதிப் பார்க்க மூன்று கேள்விகள்:

1. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளைப் பெருக்கியது, தரத்தை உயர்த்தவில்லை. காரணம் காட்டி விளக்குக.
2. பொதுவான பாடத்திட்டத்தால் தமிழ்ப்பள்ளிகள் பெற்றவை, இழந்தவை யாவை?
3. 'தரத்தை உறுதிசெய்ய ஆசிரியர் பயிற்சியே முதல் தேவை.' தஞ்சோங் மாலிம் கல்லூரியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்க.

ஆண்டுகளை மட்டும் ஒப்பித்தால் புள்ளி வராது. ஒவ்வொரு ஆண்டுக்கும் 'ஏன்', 'அதனால் என்ன' என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த மாணவிக்கு அடுத்த வாரம் பதில் சொன்னேன். தமிழ்ப்பள்ளிக்கு அங்கீகாரம் ஒரே ஒருவர் கொடுத்தது இல்லை, சட்டம் கொஞ்சம், தோட்டத்து மக்கள் கொஞ்சம், ஆசிரியர்கள் கொஞ்சம் என்று சேர்த்துக் கொடுத்தது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ நான் எஸ்.பி.எம்.ல தமிழ் இலக்கியம் எடுத்தா அதுவும் அதுல சேருமா, டீச்சர்?"

சேரும் என்றேன். அவளோடு சேர்த்து எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு இலக்கியத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒன்பது பேர்.